பெயர் உடைந்த கல்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். போன இரண்டு தடவை அனுப்பிய பயிற்சிகளுக்கும் பதில் இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ, இல்லை என் வாக்கியங்களைப் பார்த்துத்தான் உடம்பு கெட்டுவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

துணி வெளுப்பவர்கள் பற்றிய பாடத்தை முடித்துவிட்டேன். ரோமாபுரியில் தெருமுனையில் ஜாடி வைத்து மூத்திரம் சேர்த்து, அதில் துணியைப் போட்டுக் காலால் மிதித்து வெளுப்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதை எங்கள் ஹோட்டல் லாண்டரியில் சொன்னேன். இஸ்திரி மெஷினில் என்னோடு நிற்கும் அக்கா, "மெதுவா பேசு. சூப்பர்வைசர் காதுல விழுந்தா சோப்புத்தூள் மிச்சம்னு நாளைக்கே ஆரம்பிச்சிடுவாரு" என்றார். படுக்கை விரிப்பை மடிக்க முடியாமல் சிரித்தோம். சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

வேறு யாரிடம் படித்திருந்தாலும் வேற்றுமை உருபிலேயே விட்டுவிட்டு ஓடியிருப்பேன். நீங்கள் என்னை ஒரு ரோமானிய வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். கூரை திறந்த முற்றம், நடுவில் மழைத்தண்ணீர் விழும் தொட்டி, அடுப்படிக்குப் பக்கத்தில் வீட்டுத் தெய்வத்தின் மாடம். பிறகு அந்த வீட்டுப் பெண்குழந்தையை எழுப்பி, முகம் கழுவி, ரொட்டி கொடுத்து, கழுத்தில் பிறைவடிவத் தாயத்தைக் கட்டித் தெருவுக்கு அழைத்துப்போனீர்கள். வார்த்தைகள் அவள் பின்னாலேயே வந்தன.

எதற்காக லத்தீன் படிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்த அந்தக் கல் இருக்கிறது. ஒரு சிறுமி, மடியில் நாய்க்குட்டி, கீழே எழுத்துகள். மேல்மூலை உடைந்து பெயர் போய்விட்டது. 'சிறுமியின் கல்லறைக் கல், ரோமானியர் காலம்' என்று மட்டும் அட்டை வைத்திருக்கிறார்கள். நான் கூட்டிப்போகும்போதெல்லாம் எங்கள் குட்டி அதன் முன்னால் நின்று, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பாள். "கேட்டுச் சொல்றேன்" என்பேன். கேட்கவில்லை. போன வருஷம் அவளே போய்விட்டாள். பிறவியிலேயே பழுதான இதயம். ஒன்பது வயது.

வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மாலையில் நான் அறைக்கு வந்து விளக்கைப் போட்டதும், படிக்கட்டில் ஒற்றைக்காலில் தாவித்தாவி ஏறும் சத்தம் கேட்கிறது. குட்டி அப்படித்தான் ஏறுவாள். ஆனால் இந்த வாடகை அறைக்கு அவள் வந்ததே இல்லை, டீச்சர். இருந்தும் வழி தெரிந்திருக்கிறது.

பதில் போடுங்கள்.

உங்கள் மாணவி

*

பிப்ரவரி 21

அம்மா,

தங்கள் கடிதம் வந்தது. என் மனைவி ஜனவரி மாதம் காலமாகிவிட்டார். தலைவலி என்று மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கள் முந்தைய இரண்டு உறைகளைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாவதை மட்டும் தெரியாமல் பிரித்துவிட்டேன். மன்னிக்கவும்.

மற்ற மாணவர்களுக்கும் இதே விவரம் எழுதிவிட்டேன். எனக்கு லத்தீன் தெரியாது. நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் படிப்பு ஒரு அறை, என் வேலை ஒரு அறை என்று இருந்தோம்.

இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம். அவள் பெயருக்கு உறை வந்தால் எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறேன், பழக்கம். அப்புறம்தான் உறைக்கிறது.

தங்கள் மகளுக்காக வருந்துகிறேன்.

இப்படிக்கு,
டீச்சரின் கணவர்

*

மார்ச் 3

ஐயா,

எழுத வேண்டாம் என்று சொன்னபிறகும் எழுதுகிறேன். கோபப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தை லாண்டரியின் பின்கட்டில் நீராவிக் குழாய்களுக்கு நடுவே நின்று படித்தேன். கண் கலங்கினால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும். டீச்சரை நான் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. "கையால் எழுதினால்தான் கையில் நிற்கும்" என்று ஃபோன் நம்பர்கூடத் தரமாட்டேன் என்றுவிட்டார். ஆனால் என் தப்புகளின் ஓரத்தில் அவர் பச்சை மையில் எழுதுவதைப் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். ஒருமுறை நான் நாயை எழுவாயாக எழுத நினைத்துக் குழந்தை நாயைக் கடிப்பதாக எழுதிவிட்டேன். "பாவம் அந்த நாய்!" என்று எழுதியிருந்தார்.

ஒரே ஒரு உதவி. கடைசிப் பாடம் எனக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே சாலையோரமாக ரோமானியர்கள் கட்டிய கல்லறைகள் பற்றியது. கல்லில் என்ன இருக்கிறது என்று டீச்சரிடம் கெஞ்சியிருக்கிறேன். எழுத்துகளைப் பிரதியெடுத்து அனுப்புகிறேன் என்றேன். "அனுப்பாதீர்கள். நான் படித்துச் சொன்னால் அது என் வாசிப்பு. கடைசிப் பாடம் முடியட்டும், நீங்களே படிப்பீர்கள்" என்றுவிட்டார். அவர் அறையில் அந்தப் பாடம் இருக்கும். தேடிப் பார்த்து அனுப்ப முடியுமா?

உங்களை எனக்கு முன்பே தெரியும், ஐயா. பாடங்களில் வரும் 'மரீத்துஸ்' நீங்கள்தான் என்று டீச்சர் ஒருமுறை எழுதியிருந்தார். கணவன் என்று அர்த்தம்.

மாணவி

*

மார்ச் 22

அம்மா,

அவள் அறைக்குள் போக எனக்கு இத்தனை நாள் ஆனது. கடைசிப் பாடம் கிடைத்தது, இத்துடன் இருக்கிறது.

ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். தங்களுக்குப் படிக்கட்டுச் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கட்டடத்தில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மூன்றாம் மாடியில் நின்று கொண்டு மோட்டார் அறையில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் வீட்டில் காலையில் அடுப்படியில் ஒரு முணுமுணுப்பு. அவள் பாத்திரம் கழுவும்போது வார்த்தையின் வால்களைச் சொல்லிக்கொண்டே கழுவுவாள். மென்ஸா, மென்ஸாம், மென்ஸாய், மேசைக்கு லத்தீனாம். அதே இழுவை. குழாயை அவிழ்த்துப் பார்த்தேன். ஃப்ரிஜ்ஜை நகர்த்தினேன். மேல்வீட்டு மோட்டாரை நிறுத்தச்சொன்னேன். எல்லாச் சத்தத்துக்கும் காரணம் கிடைத்தது. இது மட்டும் மிச்சம்.

இன்னொன்று. பாடத்துக்காக வீடு முழுக்கச் சீட்டு ஒட்டியிருந்தாள். கதவில் 'யானுவா'. கண்ணாடியில் 'ஸ்பெக்குலும்'. நான் கவனித்ததே இல்லை, சுவரில் சுண்ணாம்பு இருப்பதுபோல அது பாட்டுக்கு இருந்தது. இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. போன வாரம் என் கையுறைக்குள்ளே ஒன்று. 'மானுஸ்'. கையாம். அந்தக் கையுறையை நான் தினமும் போடுகிறேன், அம்மா. எப்போது ஒட்டினாள்?

பாடங்களில் நான் வருகிறேன் என்று எழுதியது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் புரட்டினேன். மரீத்துஸ் என்ற வார்த்தையை இப்போது அடையாளம் தெரிகிறது. ஒரு பாடத்தில் இரண்டு வரி தனியாக நிற்கின்றன. 'மரீத்துஸ் வெனித். மரீத்துஸ் தக்கெத்.' வேறு ஐந்தாறு இடத்திலும் இந்தத் தக்கெத் வருகிறது, என் பின்னாலேயே. என்ன அர்த்தம்? தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டீச்சரின் கணவர்

*

ஏப்ரல் 6

அன்புள்ள ஐயா,

பாடம் வந்து சேர்ந்தது. நீங்கள் அந்தக் கதவைத் திறப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு கதவுக்கு வெளியே நின்றவள்தான்.

கேட்ட வரிகளுக்கு அர்த்தம்: கணவர் வருகிறார். கணவர் ஓய்வெடுக்கிறார். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவர்தானே. அவ்வளவுதான்.

பாடம் விசித்திரமாக இருக்கிறது. ஊருக்குள் யாரையும் புதைக்கக்கூடாதாம். அதனால் ஊரைவிட்டுப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் கல்லறைகள். நடந்துபோகிறவனைக் கல்லே கூப்பிடுகிறது: நில், வழிப்போக்கா, படி. செத்தவர்களுக்குப் பெயரை யாராவது வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசை. கல்லின் தலையில் இரண்டே எழுத்து இருந்தால் 'இறந்தோரின் ஆவிகளுக்கு' என்று பொருளாம். எங்கள் கல்லில் உடைந்தது போக மிச்சமிருப்பது அந்த இரண்டில் ஒன்று. அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

'விக்ஸித்' என்ற வார்த்தையையும் படித்தேன். வாழ்ந்தாள். இத்தனை வருஷம் வாழ்ந்தாள் என்றுதான் எழுதுவார்களாம், செத்தாள் என்று எழுதமாட்டார்களாம். ஆனால் வாழ்ந்தாள் என்று சொன்னாலே முடிந்துவிட்டது என்றுதானே ஆகிறது. அந்த இடத்தில் பாடத்தை மூடிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு உபயோகமானது இருக்கிறது. வீட்டைவிட்டுப் போகாத ஆவிகளை மே மாதத்தில் அனுப்பிவைப்பார்களாம். வீட்டுக்குப் பெரியவர் வெறுங்காலோடு எழுந்து நடந்து, கறுப்பு அவரைக்கொட்டைகளைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டே போகவேண்டும். ஆவி பொறுக்கிக்கொண்டே பின்னால் வரும். திரும்பிப் பார்க்கக்கூடாது. சும்மா தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் சத்தம் இப்போது மேல்படி வரைக்கும் வருகிறது. வாசலில் நிற்கிறது. கதவைத் திறந்தால் வெறும் விளக்கு வெளிச்சம். தட்டினால்கூடத் தேவலை.

மாணவி

*

மே 20

அம்மா,

தக்கெத் என்றால் ஓய்வெடுப்பது இல்லை.

அவள் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், கிழவன் பள்ளிக்கூடம் போன கதை. பேசாமல் இருக்கிறான் என்று போட்டிருக்கிறது. கணவன் வருகிறான். கணவன் பேசுவதில்லை. சமையல் பாடத்தில் சாப்பிடுகிறான், பேசுவதில்லை. குளியலறைப் பாடத்தில் குளிக்கிறான், பேசுவதில்லை. தங்களைப்போல எத்தனையோ பேருக்கு எங்கள் வீட்டைப் பாடமாக நடத்தியிருக்கிறாள். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கேட்டேனே, தாங்களாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பாவம் பார்த்துப் பொய் சொன்னீர்கள். அதைத்தான் பொறுக்கமுடியவில்லை.

நான் பேசாதவன்தான். லிஃப்ட் குழிக்குள் நாள் முழுக்கக் கத்தி, சங்கிலிச் சத்தத்தில் காது அடைத்து வீட்டுக்கு வந்தால், அமைதியாக இருந்தால் போதும் என்று இருக்கும். அவளுக்கும் அது பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். என்ன எழுதுகிறாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அவரைக்கொட்டையும் போட்டுப் பார்த்தேன். நடுராத்திரியில் செய்யவேண்டும் என்று அவள் குறிப்பில் இருந்தது, எனக்கு அந்தத் தைரியம் இல்லை. காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படியிலிருந்து வாசல்வரை எறிந்துகொண்டே நடந்தேன். போ என்று சொல்லவேண்டும். முதல் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். கூடத்தைத் தாண்டும்போது பின்னால் தரையில் கொட்டை உருளும் சத்தம் நின்றது. யாரோ குனிந்து எடுத்த மாதிரி.

திரும்பிப் பார்த்துவிட்டேன், அம்மா. எப்படிப் பார்க்காமல் இருப்பது?

ஒன்றுமில்லை. கொட்டைகள் கம்பளத்தில் விழுந்திருந்தன, அதனால் சத்தம் வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்கினேன். அன்றிலிருந்து அடுப்படியில் முணுமுணுப்பு இல்லை. நான்தான் துரத்திவிட்டேன் என்று இருக்கிறது.

இனி எழுதவேண்டாம்.

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணன் என்று கூப்பிடுகிறேன். ஐயா என்று கூப்பிட்டதால்தான் பொய் சொல்லத் தோன்றியதோ என்னவோ. மன்னித்துவிடுங்கள்.

எனக்கும் ஒரு கோபம் உண்டு. தக்கெத்தை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். படுக்கையறைப் பாடத்தைப் பார்த்தீர்களா? 'மரீத்துஸ் தோர்மித். உக்ஸோர் ஆவ்தித்.' கணவன் தூங்குகிறான். மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயிற்சியில் நான், "தூங்குகிறவரிடம் கேட்க என்ன இருக்கிறது? வினைச்சொல் தப்பாக விழுந்துவிட்டதா?" என்று எழுதினேன். டீச்சர் ஓரத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தப்பில்லை. மூச்சுச் சத்தம். பகலெல்லாம் வாயைத் திறக்காத மனுஷனுக்கு ராத்திரியில் அப்படி ஒரு மூச்சு. அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் விடியவிடிய உட்கார்ந்து உங்கள் பயிற்சியைத்தான் திருத்துகிறேன்." அந்தத் தாளையே இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சை மை. உங்களிடமே இருக்கட்டும்.

இப்போது என் பக்கத்துப் பொய். நீங்கள் 'தங்கள் மகள்' என்று எழுதியபோது நான் திருத்தவில்லை. குட்டி என் மகள் இல்லை. நான் அந்த வீட்டில் வேலைக்கு இருந்தவள். அவள் பிறந்த மாதத்திலிருந்து வளர்த்தேன். அவள் அம்மா வக்கீல். விடிந்ததும் கிளம்பிப்போய் குழந்தை தூங்கியபிறகு வருவார். அப்பா வேறு நாட்டில். யாராவது இருந்தால் குட்டி என்னை ஆயா என்பாள். யாரும் இல்லாவிட்டால் அம்மா என்பாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என்னை உள்ளே விடவில்லை. "சொந்தக்காரங்க மட்டும்தான்" என்றார் வாசலில் இருந்தவர். "மேடம் சொல்லியிருக்காங்க" என்றும் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விடியும்போது எல்லோரும் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். அதன்பிறகு என் பெட்டியை டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள். குட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது, அண்ணா. கேட்க நான் யார்?

கல்லைப் படிக்கப் போனேன். வாழ்ந்தாள், எட்டு வருஷம், மிக இனிய, செய்தாள் என்று துண்டுதுண்டாக வருகிறது. ஒரு அம்மா வைத்த கல் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அம்மா என்ற வார்த்தை அதில் இல்லை. அலும்னா என்று இருக்கிறது. காலேஜில் பழைய மாணவர்களைச் சொல்வார்களே, அதுதானே? அப்படியானால் பள்ளிக்கூடத்தில் வைத்த கல்லா? இன்னொரு வார்த்தை நூத்ரிக்ஸ். எந்தப் பாடத்திலும் இல்லை. என்னிடம் அகராதி இல்லை. முன்னால் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். காவலர், "என்னம்மா, சொல்லுதா இல்லியா?" என்று கேட்டார். முக்கால்வாசி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது என்றேன்.

எழுதவேண்டாம் என்று சொன்னீர்கள். ஒரு தடவை அகராதியைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு எழுதமாட்டேன்.

தங்கை

*

ஜூன் 17

தங்கச்சிக்கு,

அந்தப் பச்சை மைத் தாளைப் பற்றி எழுத வரவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அகராதி பார்த்தேன். ஒரு தடவை பார்த்து நம்பாமல், அவளுடைய பெரிய அகராதியையும் இறக்கிப் பார்த்தேன். அது சிமென்ட் மூட்டை கனம்.

நூத்ரிக்ஸ் என்றால் பால் கொடுத்து வளர்க்கும் செவிலி. பெற்றவள் இல்லை. ரோமானியர் வீடுகளில் குழந்தை வளர்க்க வைத்துக்கொண்ட பெண், பெரும்பாலும் அடிமை, இல்லையென்றால் அடிமையாக இருந்து விடுதலை ஆனவள் என்று அவள் குறிப்பு எழுதிவைத்திருக்கிறாள்.

அலும்னா என்றால் நீ நினைத்த காலேஜ் பெண் இல்லை. அதெல்லாம் பிற்பாடு வந்த அர்த்தமாம். அந்தக் காலத்தில் வளர்க்கப்பட்டவள் என்று பொருள். தான் பெறாமல் தான் ஊட்டி வளர்த்த குழந்தை.

ஆகக்கூடி உன் கல் சொல்வது இது. என் லத்தீனில் ஓட்டை இருந்தால் பொறுத்துக்கொள். 'எட்டு வருஷம் வாழ்ந்தாள். தான் வளர்த்த, மிக இனிய பெண்ணுக்கு, வளர்த்தவள் இதைச் செய்தாள்.'

பெற்றவர்கள் பெயர் இல்லை. இருந்திருக்கலாம், உடைந்த மூலையோடு போயிருக்கலாம். அதை நாம் சொல்லமுடியாது. ஆனால் வளர்த்தவள் என்ற வார்த்தை உடையாமல் நிற்கிறது. அவளும் அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் சம்பளமில்லாமல் இருந்தவள்தான். 'கேட்க நான் யார்' என்று நின்றிருந்தால் கல் வந்திருக்காது.

நான் பேசத்தெரியாதவன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். போய்க் கேள். அந்த வக்கீல் அம்மா வீட்டுக் கதவைத் தட்டி, குழந்தை எங்கே இருக்கிறாள் என்று கேள். திட்டினால் திட்டட்டும். நான் கேட்காமல் இருந்து கண்டது உனக்குத் தெரியும்.

இங்கே வீடு அமைதியாக இருக்கிறது. முணுமுணுப்பு திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக நான் பாத்திரம் கழுவும்போது சொல்லிப்பார்க்கிறேன். மென்ஸா, மென்ஸாம். மூன்றாவதில் எப்போதும் தடுக்கிவிடுகிறது. தடுக்கியதும் ஒரு நிமிஷம் நிற்கிறேன், யாராவது திருத்துவார்களா என்று.

அண்ணன்

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல வாரம் போகவில்லை. இரண்டு தடவை அந்தத் தெருமுனைவரை போய்த் திரும்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் மணியை அடித்துவிட்டேன்.

மேடமே கதவைத் திறந்தார். இளைத்துப்போயிருந்தார். தலையில் நரை. வேலைக்கு ஆள் யாரும் இல்லை போலிருக்கிறது, கூடத்தில் செருப்பும் காகிதமும் கிடந்தன. என்னைப் பார்த்ததும் கதவை மூடிவிடுவார் என்று நினைத்தேன். கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், மியூசியத்துல ஒரு கல்லு இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு குட்டி கேட்டுக்கிட்டே இருப்பா. இப்ப படிச்சுட்டேன். அவ இருக்கற எடத்துல போய்ச் சொல்லணும். எங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்" என்றேன். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த வாக்கியம்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார்.

சொன்னேன். லத்தீனிலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். வளர்த்தவள் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். கதவு திறந்தே இருந்தது. சற்று நேரம் கழித்து, "வா, உள்ள வந்து உக்காரு" என்று குரல் கேட்டது.

குட்டியின் அறையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலை எடுத்திருக்கவில்லை. நான் தரையில் உட்காரப்போனேன், "மேல உக்காரு" என்றார். கட்டிலின் இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவர்.

"ஆஸ்பத்திரியில உன்னை உள்ள விடக்கூடாதுன்னு சொன்னது நான்தான்."

"தெரியும் மேடம்."

"ஏன்னு தெரியுமா?"

தெரியாது என்று தலையசைத்தேன்.

"சாயங்காலம் கண்ணைத் தொறந்து அம்மான்னா. இங்கதாண்டா இருக்கேன்னு கையைப் புடிச்சேன். என்னையே பாத்தா. நல்லா அடையாளம் தெரிஞ்சுதான் பாத்தா. 'நீ இல்ல, அம்மா வேணும்'ன்னா."

கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

"ஜுரத்துல பெனாத்தறான்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ வெளியிலதான் உக்காந்திருந்த, எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல வந்திருப்ப. நான் கூப்பிடல." அழவில்லை, அண்ணா. கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னார். "இந்த ரூமுல அவ கூப்பிடறது கேக்குது. என்னைக் கூப்பிடல. உன்னைத்தான். நான் எழுந்து வந்து நின்னா நின்னுடுது."

என் படிக்கட்டுச் சத்தத்தை அவரிடம் சொன்னேன். வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது என்றேன். அவர் அதைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. "ஒத்தைக் கால்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவ அப்படி ஏறுவான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவருக்கு என்மேல் இருந்த வெறுப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எனக்கும்தான். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை யாராலும் திருப்பித் தரமுடியாது. கல்லில் எழுதிய அந்தப் பெண்ணுக்கும் எஜமானிக்கும் இடையில் என்ன இருந்ததோ, யாருக்குத் தெரியும். எழுந்துவிடலாம் என்று பார்த்தேன்.

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், அவ இருக்கற எடத்துக்கு" என்றார். "இப்ப போகாத. என்கிட்ட அவளோட ஃபோட்டோதான் நெறைய இருக்கு. அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியல. ஒரு நாள் பூரா என்ன பண்ணுவா, யார்கிட்ட என்ன பேசுவா, எதுவும் தெரியல. காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லு."

டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வழிதான். நானும் அங்கிருந்தே ஆரம்பித்தேன். கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே கையை நீட்டுவாள், மேடம். பிடித்துக்கொண்டால்தான் கண்ணைத் திறப்பாள். பிடிக்காவிட்டால் தூங்குவதுபோல நடிப்பாள். கனவில் என்ன வந்தது என்று பொய் சொல்வாள். தினமும் ஒரு யானை. போர்வையை மடிக்கமாட்டாள், என்னை மடிக்கவும் விடமாட்டாள், அதற்குள் சூடு இருக்கிறது என்பாள். பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பாம்புபோல வைக்கவேண்டும், கோடுபோல வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

மேடம் நடுநடுவே நிறுத்தினார். என்ன கலர் போர்வை? யானை என்ன செய்யும்? எனக்கு நினைவில்லாததைக்கூடக் கேட்டார். நினைவுக்கு வந்தது.

வெளியே இருட்டிவிட்டது. நாங்கள் இன்னும் பல் துலக்குவதையே தாண்டவில்லை. அவர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை என் பக்கத்தில்.

"அப்புறம்?" என்றார்.

தங்கை